சட்டைக்குள் வைத்த பாண்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பலெர்மோவில், வெயில் தணிந்து மழை தொடங்கும் காலத்தில் இது நடந்தது. அப்போது நான் லிபெர்த்தா பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். துடைப்பது, துணி தோய்த்து மடிப்பது, மத்தியானச் சமையலுக்கு உதவுவது என்று வழக்கமான வீட்டு வேலைதான். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாள் முதல் இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். ஆனால் அது எங்கள் நகரத்து உதைபந்தாட்ட அணியின் நடுக்கள வீரருடைய வீடு. அப்படி ஒரு வீடு இனி எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

நடுக்கள வீரர் என்றால் சும்மா ஒருவர் இல்லை. அணியின் பந்தெல்லாம் அவருடைய காலுக்கு வந்துதான் அடுத்தவருக்குப் போகும். இத்தாலியர் அவரை 'ரெஜிஸ்தா' என்பார்கள். சினிமா இயக்குநருக்கும் அதே சொல்தான். அணி வென்றால் முதல் பாட்டு அவருக்கு. தோற்றால் முதல் ஏச்சும் அவருக்கு. கூடவே ஏச்சு வாங்கும் இன்னொருவர் பயிற்சியாளர். அவரை இங்கே எல்லோரும் 'மிஸ்தர்' என்றுதான் சொல்வார்கள்.

இதெல்லாம் எனக்கு என் கணவரால் தெரியவந்தது. அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலைப் பார்த்திருக்கும் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் சமையல் வேலை செய்கிறார். அணிக்கு ஒரு மட்ச் இருந்தால் எங்கள் வீட்டில் வேறு எதுவும் இருக்காது. அவருடைய ஊர்க்காரர் ஒருவர் வருவார். போருக்குப் பிறகு வன்னியில் இருந்து வந்து கபோச் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் தம்பி ஒருவரும் வருவார். மூன்று பேரும் சோபாவில் இருந்து தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவார்கள். முடிந்த பிறகுதான் உண்மையான ஆட்டம் தொடங்கும். மிஸ்தர் யாரை இறக்கியிருக்க வேண்டும், யாரை வெளியே எடுத்திருக்க வேண்டும், ரெஜிஸ்தா ஏன் பின்னுக்கு நிற்கிறான் என்று தேநீர் ஆறி ஆடை படியும்வரை விவாதம் நடக்கும்.

எனக்கு அந்த வீட்டில் வேலை கிடைத்ததும் என் கணவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தெருமுனைக் கோப்பிக் கடை முழுவதும் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் வெளிநாட்டுக்காரர். அவரும் மனைவியும் கடலுக்கு அப்பால், தொலைதூரத்தில் இருந்து வந்தவர்கள். அவருக்கு முப்பது வயது இருக்கும். வீட்டில் சத்தமே போடாதவர், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பவர். மனைவியை நான் சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன், அவ அவரைவிடச் சின்னவ. எங்கள் இருவரின் இத்தாலிய மொழியும் அரைகுறை. அதனாலோ என்னவோ நாங்கள் நன்றாக ஒத்துப்போனோம். அவ வயிற்றில் முதல் பிள்ளை. மட்ச் ஒன்றில் கோல் அடித்ததும் அவர் பந்தை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்து, பிள்ளைத்தாச்சி மாதிரி மைதானத்தைச் சுற்றி ஓடினார். முழு மைதானமும் எழுந்து அந்தப் பிறக்காத பிள்ளைக்காகப் பாடியது. எங்கள் வீட்டிலும் மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அன்று முதல் என் கணவர் வாரத்தில் ஒரு நாள் மிளகாய் போடாமல் தேங்காய்ப்பாலில் மீன் சொதி வைத்து, சூடு ஆறாத போத்தலில் ஊற்றித் தருவார். "பிள்ளைத்தாச்சிக்கு நல்லது, குடுத்துவிடும்" என்பார். சின்யோரா அதை விரும்பிக் குடிப்பா. கேட்டு வாங்கியும் குடித்திருக்கிறா.

கார்த்திகை தொடங்கும் நேரம் இந்த ஊரில் இறந்தவர்களின் நாள் வரும். இறந்துபோன உறவுகள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள் என்பது இங்கத்தைய வழக்கம். கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சீனிப் பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் நிரம்பி வழியும். அந்த வாரம் ஒரு காலையில் நான் வேலைக்குப் போனபோது சின்யோரா இரவு உடுப்போடு கதவைத் திறந்தா. வீட்டுக்காரர் அணியோடு மட்சுக்காகக் கடல் தாண்டிப் போயிருந்தார்.

"நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை" என்றா.

குளிர் தண்ணீர் குடித்துவிட்டு இடது பக்கம் சரிந்து படுக்கச் சொன்னேன். படுத்தா. நான் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். பிறகு அவவுக்கு மேற்சட்டையைப் போட்டுவிட்டு, ராக்சிக் காரைக் கூப்பிட்டேன்.

வைத்தியசாலையில் என்னை உறவு என்று நினைத்து உள்ளே விட்டார்கள். வைத்தியர் கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். திரையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு வைத்தியரைக் கூப்பிட்டார். அவரும் தேடினார். சின்யோரா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த அறையில் அவவுக்கு விளங்கும் மொழி என் முகம் மட்டும்தான் போல.

வீட்டுக்காரர் அன்று பின்னேரம் விமானத்தில் வந்து சேர்ந்தார். மற்றதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தோய்த்து மடித்து வைத்த சின்னச் சட்டைகளை என்ன செய்வது என்று நான் கேட்கவும் இல்லை, அவ சொல்லவும் இல்லை. பிள்ளைக்கென்று ஒழுங்குபடுத்திய அறையின் கதவு மூடியபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவ ஒன்று கேட்டா. யாருக்கும் சொல்ல வேண்டாம். முழு மைதானமும் அந்தப் பிள்ளைக்காகப் பாடியதை அவ நேரில் கேட்டிருந்தா. பாடிய வாய்களெல்லாம் இப்போது பரிதாபப்பட்டுக் கதைப்பதைத் தன்னால் தாங்க முடியாது என்றா. நான் என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அவர் விளையாட வராததற்கு அணி 'குடும்பக் காரணம்' என்று மட்டும் அறிவித்தது. சனங்களுக்கு அது போதவில்லை. வேறு அணியோடு பேரம் பேசப் போயிருக்கிறான் என்று கதை கிளம்பியது. அவர் திரும்ப விளையாட வந்தபோது அந்தக் கதை உண்மை போலவே இருந்தது. ஏனென்றால் அவரால் விளையாட முடியவில்லை. பந்தை ஆளில்லாத பக்கம் தட்டினார். பக்கத்தில் நிற்பவர் கூப்பிடுவது அவருக்குக் கேட்கவில்லை. பெனால்டி ஒன்றைக் கம்பத்துக்கு மேலால் அடித்தார்.

எங்கள் சோபாவில் வழக்கு தொடங்கியது.

"அவன்ரை மனம் இஞ்சை இல்லை. தையிலை வேறை ரீமுக்குப் போகப்போறான், அதுதான் காலைக் காப்பாத்துறான்" என்றார் ஊர்க்காரர்.

"அண்ணை, அவனிலை பிழை இல்லை. இறக்கிறவனிலைதான் பிழை" என்றார் வன்னித் தம்பி. "மிஸ்தருக்குக் கண் தெரியாதே? வாங்கிலை இருக்கிற பெடியனைப் போட்டா ஓடுவான்."

"ரெண்டு பேரையும் ஒண்டாக் கலைக்கோணும்" என்று தீர்ப்புச் சொன்னார் என் கணவர். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சாரும், அங்கை என்ன கதைக்கினம்? போகப்போறானாமே?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது."

"அந்த வீட்டிலை ஒவ்வொரு நாளும் நிக்கிறீர், உமக்கு ஒண்டும் தெரியாது. பிள்ளை எப்பவாம்?"

"இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

சொதியும் நிற்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் போத்தலை வாங்கிக்கொண்டு போவேன். பஸ் நிறுத்தத்தில் நின்று நானே குடித்துவிட்டு, வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவருவேன். "குடிச்சாவே?" என்பார். "ஓம்" என்பேன்.

மிஸ்தர் ஒருநாள் அந்த வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது தாண்டிய, கட்டையான மனிதர். தொலைக்காட்சியில் எப்போதும் கத்திக்கொண்டிருப்பவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சின்யோரா உள்ளே படுத்திருந்ததால் இருவரும் குசினியிலேயே இருந்தார்கள். நான் கோப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, கொஞ்ச நாள் ஓய்வெடு, காலில் காயம் என்று நான் நிருபர்களுக்குச் சொல்கிறேன் என்றார். இவர் மறுத்தார். வீட்டில் இருந்தால் அந்த மூடின கதவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மைதானத்தில் என்றால் கொஞ்ச நேரமாவது சத்தம் இருக்கும், என்னை இறக்குங்கள் என்று கெஞ்சினார். அவ்வளவு பெரிய ஆள் கெஞ்சியதைப் பார்த்து நான் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

"உனக்கு விசிலடிப்பார்கள்" என்றார் மிஸ்தர். இந்த ஊரில் மைதானத்தில் விசிலடிப்பது பாராட்டு இல்லை, ஏச்சு.

"அடிக்கட்டும்."

"எனக்கும் அடிப்பார்கள்" என்று சொல்லி மிஸ்தர் கோப்பியைக் கலக்கினார். பிறகு, "சரி. நான் இருக்கும்வரை நீ விளையாடுவாய்" என்றார்.

அது அணிக்குச் சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது. விளையாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தோற்கும் அணியில், ஓட முடியாத ஒருவரைத் திரும்பத் திரும்ப இறக்குவது பிழை என்று எங்கள் சோபாவில் சொன்னது ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, இவருடைய தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'மிஸ்தருக்குக் கண் தெரியாது' என்று கேட்கும்போதெல்லாம் என் நெஞ்சு எரியும். வாயைத் திறக்க முடியாது. சந்தைக்குப் போனால் மீன்காரர் வாளைமீனை வெட்டிக்கொண்டே அதே ஏச்சை ஏசுவார். பஸ்சில் ஏறினால் அங்கேயும் அதே கதை. முழு நகரமும் ஒரு செத்த வீட்டு வாசலில் நின்று சண்டை பிடிப்பது போலவும், எனக்கு மட்டும் அது செத்த வீடு என்று தெரிவது போலவும் இருந்தது.

மார்கழியில் ஒருநாள் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, சின்யோரா இத்தனை நாளாக வெளியே போகவில்லை, சனம் இல்லாத அமைதியான இடமாக எங்காவது கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட வைக்க வேண்டும் என்றார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் என் கணவர் வேலை செய்யும் இடத்தைச் சொன்னேன். கோடையில்தான் அங்கே கூட்டம். மார்கழியில், வார நாளில், மத்தியானம் காகமும் வராது. சின்யோரா சம்மதித்தா. ஆனால் நானும் கூட வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றா.

போவதற்கு முதல் நாள் என் கணவரிடம் சொன்னேன். ஆருக்கும் சொல்ல வேண்டாம், அவர்களுக்கு அமைதி வேண்டுமாம் என்றும் சொன்னேன். "நான் ஏன் சொல்லப்போறன்?" என்றார். அவருக்கு முகமெல்லாம் சந்தோசம்.

நாங்கள் போய் இறங்கியபோது நல்ல வெயில். வள்ளங்களைக் கரையில் இழுத்து விட்டிருந்தார்கள். சின்யோரா அந்த வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றா. உள்ளே போனோம். வயிறு தெரியாதபடி போட்டிருந்த பெரிய மேலங்கியை அவ கடைசிவரை கழற்றவில்லை. ஒரு மேசையைத் தவிர எல்லாம் வெறுமையாக இருந்தன. அந்த மேசையில் நடுத்தர வயது ஆண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் தற்செயலாக வந்தவர்கள் இல்லை. பின்னால் கேட்டபோது, "வெயிற்றர் ஒராளுக்குத்தான் சொன்னனான்" என்றார் என் கணவர்.

என் கணவரே ஏப்ரனோடு வெளியே வந்து மீன் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்காரரோடு ஒரு படம் எடுக்கக் கேட்டார். அவரும் எழுந்து, என் கணவரின் தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டு நின்றார். உங்கள் சொதி நன்றாக இருக்கும் என்று சின்யோரா சொன்னா. என் கணவர் கூச்சத்தோடு தலையைக் குனிந்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எல்லாம் சரியாகப் போகிறது என்றுதான் பட்டது.

அடுத்த மேசையில் தொடங்கினார்கள். முதலில் சின்னப் பகிடிகள். பாண் கூடையை அவனிடம் கேளாதே, பக்கத்து மேசைக்குத் தட்டிவிடுவான் என்றார் ஒருவர். வீட்டுக்காரர் சிரித்துச் சமாளித்தார். சாப்பாட்டையும் மிஸ்தரா தெரிவு செய்தார் என்று இன்னொருவர் கேட்டார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்யோரா மீனை முள்ளெடுத்து முள்ளெடுத்து வைத்தா, சாப்பிடவில்லை.

பிறகு அந்த மேசையில் இருந்த தடித்த மனிதர் ஒருவர் எழுந்தார். கூடையில் முழு ரொட்டியாக இருந்த பெரிய வட்டப் பாணை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பாணை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, மேசைகளைச் சுற்றித் தள்ளாடி ஓடினார். எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, பிள்ளை பிறந்ததும் அதைக் கொண்டுபோய் நடுக்களத்தில் விடு, உன்னைவிட நன்றாக ஓடும் என்றார்.

அந்த மேசை வெடித்துச் சிரித்தது. ஃபோன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் உதவிக்கு என் கணவரைத் தேடித் திரும்பினேன். அவர் குசினி வாசலில் நின்றார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சும்மா புன்னகை இல்லை. துடையில் தட்டி, வாய் திறந்து சிரித்தார்.

சின்யோராவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது.

வீட்டுக்காரர் எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அந்தத் தடித்த மனிதரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஓரடி பின்னால் போனார். ஆனால் அவர் அடிக்கவில்லை. அந்த மனிதரின் சட்டைக்குக் கீழால் இரண்டு கைகளையும் விட்டு, பாணை மெதுவாக வெளியே எடுத்தார். ஒரு கணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு துணியை மூடினார்.

யாருக்கும் விளங்கவில்லை. சிலர் இன்னும் கூடச் சிரித்தார்கள்.

சின்யோராவால் கார்வரை நடக்க முடியவில்லை. கரையில் வள்ளங்களுக்குப் பக்கத்தில் இருந்த மதிலில் அவவை இருத்தினேன். அவ அழவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்து இருந்தா. அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். நான் அவவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த என் கணவர் கோபத்தில் இருந்தார். ஒரு பகிடிக்கு இவ்வளவு பெரிய ரோசமா, சமைத்த மீன் அப்படியே கிடந்தது, முதலாளி என்னைக் கேட்கிறார் என்றார். நான் வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும் என்று தெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்தக் காணொளி பரவியது. 'பாணையும் பறித்தான்' என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் அதை எனக்கே அனுப்பினார். அடுத்த மட்சில் அவருடைய காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் விசில். சிலர் பாண் கொண்டுபோய் வீசியிருக்கிறார்கள். அணி தோற்றது. மிஸ்தரை வேலையில் இருந்து நீக்கிவிட்டார்கள். அவர் நிருபர்கள் முன்னால் வந்து, முடிவுகள் நன்றாக இல்லை, பொறுப்பு என்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏன் அந்த வீரரையே இறக்கினீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "நான் பயிற்சியாளன், அது என் முடிவு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கும் கை தட்டினார்கள். தொலைந்தான் என்றார்கள்.

அதற்கு மேல் வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. தன்னால் ஒரு மனிதரின் வேலை போய்விட்டது, அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்று இரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று சின்யோரா சொன்னா. "சொல்லுங்கள்" என்று அவவேதான் அனுமதித்திருக்கிறா. மறுநாள் அவர் கமராக்களுக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளை இல்லை என்றார். மிஸ்தருக்குத் தெரியும், நான் கெஞ்சியதால்தான் என்னை இறக்கினார் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை.

நான் அதை எங்கள் வீட்டில், அந்தச் சோபாவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊர்க்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"நான் அப்பவே நினைச்சனான், மிஸ்தர் நல்ல மனிசன் எண்டு."

வன்னித் தம்பி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். போரில் தன் அக்காவின் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர் அவர். அவர் அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு மட்ச் பார்க்க வரவில்லை. என் கணவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். உண்மையாகத்தான் அழுதார். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அவர்கள் போன பிறகு குசினிக்கு வந்தார்.

"நீர் எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

"நான் உம்மடை புருசன். சொல்லியிருந்தா அண்டைக்கு நான் சிரிச்சிருப்பனே? கோப்பிக் கடையிலை ஒருத்தனும் வாயைத் திறந்திருக்க மாட்டான், நான் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லியிருப்பன்."

"சொல்லாட்டிச் சிரிக்கலாமோ?"

அவர் என்னைப் பார்த்தார். விளங்கவில்லை. "தெரியாமல்தானே சிரிச்சனான்" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். நான் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.

நகரம் ஒரே நாளில் மாறிவிட்டது. ஏசியவர்களே அழுதார்கள். மைதானத்தில் பெரிய துணி கட்டி, நீ எங்கள் சகோதரன் என்று எழுதினார்கள். லிபெர்த்தாவில் அந்தக் கட்டட வாசலில் பூங்கொத்துகளைக் குவித்தார்கள். கரடிப் பொம்மைகள், சின்னச் சப்பாத்துகள், அணியின் நிறத்தில் பின்னிய குழந்தைத் தொப்பிகள் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். இறந்த பிள்ளைக்குத் தொப்பி! அன்பில்தான் வைத்தார்கள், தெரியும். ஒவ்வொரு காலையும் சின்யோரா எழும்புமுன் அவற்றைக் குப்பைப் பைகளில் அள்ளி அப்புறப்படுத்துவது என் வேலையாயிற்று. அந்தத் தடித்த மனிதரும் ஒருநாள் மனைவியோடு பூவுடன் வந்து வாசலில் நின்றார். மேலே விட வேண்டாம் என்று வாயில்காப்பாளருக்கு நான்தான் சொன்னேன்.

எல்லாம் பிந்திவிட்டது. மிஸ்தரைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று சனம் கத்தியது. புதியவர் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தை மாதம் வீட்டுக்காரர் சின்யோராவைக் கூட்டிக்கொண்டு வேறு நாட்டு அணி ஒன்றுக்குப் போனார். இந்த நகரத்தின் தெருவில் இனி நடக்க முடியாது என்று சின்யோரா சொன்னா. ஏசியபோது முடியாமல் போனதா, பரிதாபப்பட்டபோது முடியாமல் போனதா என்று நான் கேட்கவில்லை. மூடிக் கிடந்த அந்த அறையில் இருந்தவற்றை நானும் அவவும் சேர்ந்துதான் பெட்டிகளில் கட்டினோம். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, வைத்தியசாலையில் உங்கள் முகம் பொய் சொல்லவில்லை என்றா. அப்போதுதான் நான் அழுதேன்.

எனக்கு அதே பகுதியில் இன்னொரு வீட்டில் வேலை கிடைத்துவிட்டது. மிஸ்தர் எங்கோ ஒரு சின்ன ஊரில் சின்ன அணி ஒன்றைப் பயிற்றுவிக்கிறாராம். பழைய வீட்டுக்காரர் போன இடத்தில் நன்றாக விளையாடுகிறார். அவனை நாங்கள் விட்டிருக்கக் கூடாது என்று எங்கள் ஊர்க்காரர் இப்போது சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிய ரெஜிஸ்தாவையும் புதிய மிஸ்தரையும் ஏசுகிறார்கள். என் கணவர் அதில் சேருவதற்கு முன் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பிறகு சேர்ந்துகொள்வார்.

அவர் கெட்டவர் இல்லை. பார்த்திராத ஒரு பிள்ளைக்காகச் சொதி வைத்து அனுப்பியவர், விசயம் தெரிந்ததும் விம்மி அழுதவர். அவருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார் என்பதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஒருவருடைய துக்கத்தை யாராவது வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் அவரை நோகடிக்காமல் விடுவோம் என்றால், நாம் ஒவ்வொரு நாளும் எத்தனை பேருடைய செத்த வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறோமோ என்ற பயம், அந்த மத்தியானத்துக்குப் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை.